மூன்று சுழி

தாலுகா ஆபீஸில் யாரோ தட்டச்சியபோது
ஒரு சுழி குறைந்துவிட்டது.
பணியர், பனியர் ஆனார்கள்.
அந்தச் சாதிச் சான்றிதழோடு ஷைனி
நாலு தடவை பந்தலூருக்கு பஸ் ஏறினாள்.
நாலாம் தடவை பனி இருந்தது,
அதிகாரி இல்லை.

அதை வைத்தே அவளுக்குச் சொன்னேன்,
தேவாலாவில், நான் ரத்தம் பார்க்கிற அறையில்,
ஊசி குத்திய இடத்தைப் பஞ்சால் அழுத்திக்கொண்டே:
உனக்குள்ளும் ஒரு சான்றிதழ் இருக்கிறது.
முந்நூறு கோடி எழுத்து.
ஒன்றே ஒன்று மாறிவிட்டது.
வட்டமாக ஓட வேண்டிய சிவப்பணு
பிராணவாயு கொஞ்சம் குறைந்தாலே
உள்ளுக்குள் கம்பி கம்பியாய்க் கட்டிக்கொண்டு
வளைந்துபோகிறது,
கவாத்துக் கத்தி மாதிரி.
வளைந்த கத்திகள் சந்துகளில் சிக்கும்.
அதுதான் உன் முழங்கால்.
அதுதான் உன் ஜூலை மாதம்.

"எழுத்தைத் திருத்த ஆள் இல்லையாக்கா?"

இருக்கிறது, ஆள் இல்லை, கத்தரி.
கண்டுபிடித்தது நாமும் இல்லை, பாக்டீரியா.
நாடுகாணி செக்போஸ்ட்டில்
தப்பிப்போன லாரியின் நம்பரை எழுதி வைப்பார்களே
அப்படி, தன்னைத் தாக்கிய வைரஸின் ஒரு துண்டை
அது தன் ஏட்டில் ஒட்டி வைத்துக்கொள்ளும்.
அதே நம்பர் மறுபடி வந்தால்
வெட்டு.
நாம் செய்தது இவ்வளவுதான்:
நமக்கு வேண்டிய நம்பரை எழுதி
கத்தரியின் கையில் கொடுத்தோம்.
அது முந்நூறு கோடியையும் தடவிக்கொண்டே போய்
சரியான இடத்தில் நிற்கிறது.
பெரும்பாலும் சரியான இடத்தில்.

ஆனால் கேள்,
இப்போது வந்திருக்கும் வைத்தியத்தில்
தப்பான எழுத்தை அது தொடுவதே இல்லை.
வயிற்றுக்குள் இருந்தபோது உனக்கு வேறு ரத்தம் ஓடியது,
வளையத் தெரியாத ரத்தம்.
பிறந்த சில மாதத்தில் அதற்கு ஒரு பூட்டு விழுந்தது.
கத்தரி அறுப்பது அந்தப் பூட்டை.

அவள் சிரித்தாள்.
ஒன்றாம் வகுப்புச் சேர்க்கைப் பதிவேட்டில்
மூன்று சுழியும் ஒழுங்காக இருந்ததாம்.
புதிய காகிதத்தை யாரும் திருத்தவில்லை,
பழையதைத் திறந்து காட்டித்தான்
கடைசியில் காரியம் நடந்ததாம்.

அணுக்களை வெளியே எடுத்து வெட்டுவார்கள்,
அதற்குள் எலும்பு மஜ்ஜையை மருந்தால் காலி செய்வார்கள்,
முடி கொட்டும், வாய் வெந்துபோகும்,
மாதக்கணக்கில் அறையை விட்டு வர முடியாது
என்பதையும் சொன்னேன்.
விலையைச் சொன்னேன்.
அவள் கொழுந்துக் கூலியால் வகுத்துப் பார்த்தோம்.
ஆயிரம் வருஷம், சொச்சம்.
"ஞாயித்துக்கிழமையும் சேத்தா?"

சேர்த்துத்தான்.

மாத்திரைப் பட்டையைப் பையில் போட்டுக்கொண்டாள்.
கதவு வரை போய்த் திரும்பினாள்.
"அப்படிப் பண்ணிக்கிட்டா
பொறக்கிற பிள்ளைக்கு வராதுல்ல?"

கத்தரி மஜ்ஜைக்குள் மட்டும்தான் போகும்.
கருமுட்டையில் அந்த எழுத்து
அப்படியே உட்கார்ந்திருக்கும்.
இதை எப்படிச் சொல்வதென்று நான் தேடுகிற நேரத்தில்
வராந்தாவிலிருந்து ஒரு பையனைக் கையைப் பிடித்து இழுத்து வந்தாள்.
"அப்ப இவருக்குப் பாருங்க."

பினீஷ். அய்யன்கொல்லி. ஆட்டோ ஓட்டுகிறான்.
சீட்டில் இனம் என்ற இடத்தில் எழுதிவிட்டு
சுழிகளை எண்ணிப் பார்த்துக்கொண்டேன்.

ஒரு துளி ரத்தம், கரைசல், ஐந்து நிமிடம்.
குழாய்க்குப் பின்னால் கறுப்புக் கோடு போட்ட அட்டை.
கலங்கினால் கோடு மறையும்.
தெளிந்தால் தெரியும்.
ஜன்னலுக்கு வெளியேயும் அதே மாதிரிதான்,
தேயிலை வரிசைகள் வருவதும் போவதுமாக.

முதல் கோடு தெரிகிற மாதிரி இருந்தது.
ரெண்டாவதை
அவளே குனிந்து தேடிக்கொண்டிருந்தாள்.